வீட்டுக் கம்ப்யூட்டரில் உங்கள் முதல் கிராபிக் நாவல்

காமிக்ஸ் படிக்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. இரும்புக்கை மாயாவியைப் பாடப்புத்தகத்திற்குள் மறைத்து வைத்துப் படித்தவர்கள் இன்று பேரன், பேத்தி எடுத்திருப்பார்கள். அவர்களில் பலருக்கும், இன்று கல்லூரியில் படிக்கும் இளைஞர்கள் பலருக்கும், “நாமே ஒரு படக்கதை செய்தால் என்ன?” என்ற ஆசை எப்போதாவது வந்திருக்கும். வீட்டில் ஒரு சாதாரண கம்ப்யூட்டரும் இலவச சாப்ட்வேர்களும் இருந்தால் இந்த ஆசை நிறைவேறக் கூடியதுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் முதல் பத்துப் பக்கங்களுக்குள் நிறுத்தி விடுகிறார்கள். அதற்குக் காரணம் ஓவியத் திறமைக் குறைவு அல்ல, தொடங்கும் வரிசைதான். சாப்ட்வேரைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில உள்ளன. அவற்றையும் சேர்த்து இங்கு பார்க்கலாம்.

காமிக்ஸா, கிராபிக் நாவலா?

இரண்டுக்கும் மொழி ஒன்றுதான். கட்டங்கள், பலூன்கள், படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் படித்தல். முடிவுள்ள ஒரு கதையைப் புத்தக வடிவில் சொன்னால் அதை கிராபிக் நாவல் என்கிறோம். இந்தச் சொல் 1964-லேயே புழக்கத்திற்கு வந்து விட்டது. அதைப் பலரும் அறியச் செய்தது அமெரிக்க ஓவியர் வில் ஐஸ்னர் 1978-ல் வெளியிட்ட ‘எ காண்ட்ராக்ட் வித் காட்’ என்ற நூல்.

நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு நூல் ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’. நாஜிக்களின் வதைமுகாமில் இருந்து உயிர் தப்பிய தன் தந்தையைப் பேட்டி கண்டு, அதைப் படக்கதையாக்கினார் ஸ்பீகல்மன். இரண்டு பாகங்கள் 1986-லும் 1991-லும் நூலாக வந்தன. 1992-ல் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஆனால் இந்த முயற்சி எப்படித் தொடங்கியது தெரியுமா? 1972-ல் வெளியான வெறும் மூன்று பக்கப் படக்கதையாக! பெரிய நூல் பின்னால்தான் வந்தது. இந்தியாவில் ஒரிஜித் சென் 1994-ல் வெளியிட்ட ‘ரிவர் ஆப் ஸ்டோரீஸ்’, நர்மதை அணைப் பிரச்னையைச் சொன்ன நூல். நம் நாட்டின் முதல் கிராபிக் நாவலாகப் பலரும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

முதலில் ஒரு கணக்கு

நான் சாப்ட்வேர் துறையில் இருப்பவன். எங்கள் அலுவலகத்தில் எந்த வேலையையும் மணிக்கணக்கில் பிரித்துப் பார்த்த பின்தான் தொடங்குவோம். இங்கும் அதைச் செய்து பார்ப்போம்.

ஒரு பக்கத்திற்குச் சராசரியாக ஐந்து கட்டங்கள். பென்சில், மை, எழுத்து எல்லாம் சேர்த்து ஒரு கட்டத்திற்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக் கொள்வோம். 120 பக்க நாவல் என்றால் 600 கட்டங்கள், 900 மணி நேரம். வேலைக்குச் செல்பவர் வார இறுதியில் ஆறு மணி நேரம் ஒதுக்கினால் 150 வாரங்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்! 16 பக்கம் என்றால் 80 கட்டங்கள், 120 மணி நேரம், 20 வாரங்கள். அதாவது ஐந்தே மாதங்கள்.

எனவே முதல் முயற்சிக்கு 16 பக்கம் என்று முடிவு செய்யுங்கள். நான்கு ஏ4 தாள்களை மடித்து, நடுவில் பின் அடித்தால் 16 பக்க ஏ5 புத்தகம் கிடைத்து விடும். பின் அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை எப்போதும் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ளவும்.

எந்தக் கதை?

உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு கதையைத் தேர்வு செய்திடுங்கள். நான் எடுத்துக் கொண்டது என் தாத்தாவின் கதை. அவர் மதுரையில் ஒரு சிறிய அச்சகத்தில் 1959 முதல் 1994 வரை 35 ஆண்டுகள் கம்பாசிட்டராக, அதாவது அச்சுக் கோர்ப்பவராக இருந்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேஸில் இருந்து எடுத்து, கையில் பிடித்த ஸ்டிக்கில் அடுக்கி வரியாக்கும் வேலை. டி.டி.பி. வந்த பின் அந்த அச்சகம் மூடப்பட்டது. தாத்தாவுக்கு இப்போது வயது 84. சில நாட்களில் நேற்று நடந்தது நினைவில் இருப்பதில்லை. கேஸில் எந்த எழுத்து எந்த அறையில் இருக்கும் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. இதைத் தள்ளிப் போட முடியாது என்று தெரிந்த பின்தான் நான் வேலையைத் தொடங்கினேன்.

மூன்று மாலை நேரங்களில் அவர் பேசியதை மொபைல் போனில் பதிவு செய்தேன். நீங்களும் இப்படிச் செய்வதாக இருந்தால், “அப்போது எப்படி இருந்தது?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “கை எந்தப் பக்கம் போகும்? மை எங்கே இருக்கும்? சாப்பாடு எங்கே வைப்பீர்கள்?” என்று கேளுங்கள். வரைவதற்கு வேண்டிய தகவல்கள் இவைதான்.

படம் வரையும் முன் எழுத்து

வேர்ட் அல்லது லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை அமைத்திடுங்கள். பக்க எண், கட்ட எண், படத்தில் என்ன தெரிகிறது, யார் என்ன பேசுகிறார் என்று தலைப்பிடவும். என் கதையில் ஒரு வரிசை இப்படி இருக்கும்:

பக்கம் 5, கட்டம் 2. படம்: கேஸின் மேல் தாத்தாவின் கை மட்டும். வசனம்: “இனிமே இந்த எழுத்து வேண்டாமாம்ணே!”

அது 1978-ஆம் ஆண்டு. தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து ணை, லை, ளை, னை, றா, னா போன்ற 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் மாறின. நமக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. கம்பாசிட்டருக்கோ, கை பழகிய அறைகளைக் காலி செய்த நாள்.

எழுதும்போது ஒரு விதியைக் கடைப்பிடிக்கவும். படத்தில் தெரிவதை வசனத்தில் சொல்லக் கூடாது. மழை பெய்யும் படத்தில் “மழை பெய்கிறது” என்று ஒருவர் பேசினால் பலூனுக்கான இடம் வீண். ஒரு பலூனில் 15 சொற்கள், ஒரு பக்கத்தில் 60 சொற்கள் என்பதை எல்லையாக வைத்துக் கொண்டால் படத்திற்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

குட்டிப் படங்கள்

அடுத்து வருவதுதான் மிக முக்கியமான நிலை. ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியும் ஒரு பக்கம். இரண்டு தாள்களில் 16 பக்கமும் அடங்கி விடும். குச்சி மனிதர்களையும், பலூனுக்கு வட்டங்களையும் மட்டும் போட்டு முழுக் கதையையும் வரையுங்கள். ஒரே நாளில் முடிந்து விடும். எந்தப் பக்கம் நெரிசலாக இருக்கிறது, எங்கே கதை ஓட மறுக்கிறது என்பதெல்லாம் இந்த இரண்டு தாள்களிலேயே தெரிந்து விடும். மை போட்ட பின் ஒரு பக்கத்தை மாற்றினால் ஏழெட்டு மணி நேரம் போகும். இங்கே ஐந்து நிமிடம்தான்.

இந்தத் தாள்களைக் கதைக்கு உரியவரிடம் காட்டுங்கள். நான் தாத்தாவிடம் காட்டினேன். அச்சகம் மூடிய நாளைப் பற்றிப் பேட்டியில் அவர் சொன்னது, “மூடிட்டாங்க, வந்துட்டேன்” என்ற இரண்டே சொற்கள். அதனால் 14-ஆம் பக்கத்தில் காலி அறை, நடுவில் ஒரு குச்சி மனிதன் என்று வசனம் இல்லாத ஒரே கட்டமாக விட்டிருந்தேன். தாத்தா அந்தக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார்.

“ரேடியோ பாடிக்கிட்டு இருந்துச்சுப்பா. யாரும் அணைக்கல” என்றார். பிறகு, “எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டாங்க. கேஸ்ல இருந்து சாக்குல கொட்டச் சொன்னது என்னையத்தான்” என்றார்.

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ கம்ப்யூட்டர் வேலை பாக்குறவன். அது வந்துதான் தாத்தா வேலை போச்சுன்னு உனக்குத் தோணக் கூடாதுல்ல” என்றார்.

மூன்று நாள் பேட்டியில் வராததை ஒரு குச்சி மனிதன் கொண்டு வந்து விட்டான். 14-ஆம் பக்கம் மூன்று கட்டங்கள் ஆயிற்று: சாக்கு, தராசு, ரேடியோ. இதையெல்லாம் போடலாமா என்று அவரிடமே கேட்டேன். “போடு. முதலாளி முகம் மட்டும் தெரிய வேண்டாம். அவரும் நொடிச்சுப் போனவருதான்” என்றார். எனவே முதலாளி எல்லாக் கட்டங்களிலும் முதுகு காட்டியே நிற்கிறார். உண்மை மனிதர்களை வரையும்போது இப்படி ஒரு வார்த்தை கேட்டு விடுவது நல்லது.

கிரிட்டாவில் பக்கம் அமைத்தல்

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். வரைவதற்கு கிரிட்டா என்னும் இலவச, ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் போதுமானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதன் அதிகாரபூர்வ தளத்தில் இருந்தே டவுன்லோட் செய்திடவும்.

1. பைல் மெனுவில் நியூ கிளிக் செய்யவும். கிடைக்கும் விண்டோவில் காமிக் டெம்ப்ளேட்களும் இருக்கும். நாம் கஸ்டம் டாகுமெண்ட் என்பதைத் தேர்வு செய்வோம்.

2. ஏ5 அளவு 148 x 210 மி.மீ. அச்சகத்தில் ஓரம் வெட்டுவதற்காக நான்கு புறமும் 3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும். எனவே அகலம் 154, உயரம் 216 மி.மீ. என அமைத்திடவும்.

3. ரெசல்யூஷன், கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்திற்கு 600, வண்ணத்திற்கு 300. பின்னால் கூட்டிக் கொள்ளலாம் என்று குறைவாக வைக்க வேண்டாம். கூட்டினால் கோடுகள் மங்கி விடும்.

4. கறுப்பு வெள்ளை என்றால் கலர் மாடலில் கிரேஸ்கேல் தேர்வு செய்யவும். 600 ரெசல்யூஷனில் இந்தப் பக்கம் ஏறத்தாழ 3,638 x 5,102 பிக்ஸல்கள். சாதாரண 8-பிட் வண்ண லேயர் ஒன்று 74 எம்.பி. அளவு நினைவகம் கேட்கும். கிரேஸ்கேல் என்றால் அதில் பாதிதான். 8 ஜி.பி. ராம் உள்ள கம்ப்யூட்டருக்கு இது பெரிய உதவி.

5. வெட்டும் கோட்டில் இருந்து உள்ளே 8 முதல் 10 மி.மீ. வரை எழுத்து எதுவும் வர வேண்டாம். வியூ மெனுவில் ரூலரைத் தோன்றச் செய்து, அதில் இருந்து வழிகாட்டிக் கோடுகளை இழுத்து வைத்துக் கொள்ளவும்.

இந்தப் பைலை வெற்றுப் பக்கமாகவே ஒரு முறை சேவ் செய்து, 16 முறை காப்பி எடுத்துக் கொண்டால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்கும். பெயர்களை 001, 002 என்று மூன்று இலக்கத்தில் கொடுக்கவும். இல்லையெனில் சில சாப்ட்வேர்களில் 2-க்கு முன் 10 வந்து நிற்கும்.

டேப்ளட் வேண்டுமா?

திரை இல்லாத சாதாரண பேனா டேப்ளட்கள் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கின்றன. இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தாளில் வரைந்து 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்திடவும். கிரிட்டாவில் பில்டர் மெனு வழியே லெவல்ஸ் சென்று, வெள்ளையை வெள்ளையாகவும் கறுப்பைக் கறுப்பாகவும் சரி செய்யவும். இந்தக் கோட்டு லேயரை மேலே வைத்து அதன் பிளெண்டிங் மோடை மல்டிப்ளை என மாற்றினால், கீழ் லேயரில் நிழலோ வண்ணமோ பூசலாம். கோடு கெடாது. டேப்ளட்டில் கை நடுங்கினால், பிரஷ்ஷின் டூல் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஸ்டெபிலைசர் தேர்வு செய்யுங்கள். கோடு நேராக வரும். மவுஸ் ஸ்பீகல்மனும் ஆடம்பர ஓவியக் கருவிகளை நாடவில்லை. சாதாரணத் தாளில் பவுண்டன் பேனாவால்தான் வரைந்தார்.

“எனக்கு முகம் வரைய வராது” என்று தயங்க வேண்டாம். வாசகர் ஒரு பாத்திரத்தை அடையாளம் காண ஓரிரு குறிகள் போதும். என் தாத்தாவுக்குக் காதில் செருகிய பென்சிலும், நூல் கட்டிய மூக்குக் கண்ணாடியும். எந்த வயதிலும் எந்தக் கோணத்திலும் இந்த இரண்டும் இருந்தால் அது தாத்தா.

ஏ.ஐ. மூலம் படங்களைப் பெறலாமே என்று சிலர் கேட்கலாம். தாத்தா வேலை பார்த்த அச்சகத்தின் புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அந்த அறை அவர் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு வரைவதே இந்த வேலை. வேறு எவராலும் தர முடியாத கதை என்றால் கோணலான கோடும் பரவாயில்லை.

பலூனுக்குள் தமிழ்

ஆங்கில காமிக்ஸைப் பார்த்துப் பலூன் வரைபவர்கள் இங்கேதான் திணறுவார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. “சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்” என்ற ஒரே சொல்லே குறுகிய பலூனில் நுழையாது. இதற்கு மூன்று வழிகள். பேச்சு வழக்கில் எழுதுங்கள். “சொல்றாங்க” என்றால் வேலை முடிந்தது. பலூனை உயரமாக இன்றி அகலமாகப் போடுங்கள். குட்டிப் படம் போடும்போதே பலூனுக்குக் கட்டத்தின் மேல் பகுதியை ஒதுக்கி விடுங்கள்.

எழுத்துகளை அமைக்க இங்க்ஸ்கேப் என்ற இலவச சாப்ட்வேரைப் பரிந்துரைக்கிறேன். யூனிகோட் தமிழ் இதில் உடையாமல் வரும். கிரிட்டாவில் முடித்த பக்கத்தை பி.என்.ஜி. பைலாக எக்ஸ்போர்ட் செய்து, இங்க்ஸ்கேப்பில் பைல் மெனு சென்று இம்போர்ட் கொடுக்கவும். கேட்கும்போது லிங்க் என்பதைத் தேர்வு செய்யவும். பின்னர் படத்தை மாற்றி அதே பெயரில் சேவ் செய்தால், அடுத்த முறை பக்கத்தைத் திறக்கும்போது புதிய படமே இருக்கும். எல்லாப் பைல்களும் ஒரே போல்டரில் இருப்பது அவசியம். புதிய லேயரில் நீள்வட்டம் வரைந்து, பேசுபவரை நோக்கி ஒரு வால் வரைந்து, இரண்டையும் தேர்வு செய்து பாத் மெனுவில் யூனியன் கிளிக் செய்தால் பலூன் தயார்.

எழுத்துருவுக்கு கூகுள் பாண்ட்ஸ் தளத்தைப் பாருங்கள். கையெழுத்துச் சாயலுக்குக் கவிவனார், தடித்த சத்தங்களுக்குப் பாலூ தம்பி, தெளிவான வசனத்திற்கு முக்த மலர் ஆகியவை அங்கு கிடைக்கின்றன. இவற்றை விற்பனைக்கான நூலிலும் பயன்படுத்தலாம். தமிழில் மேலே விசிறி, கீழே சுழி என்று இரு பக்கமும் நீளும் என்பதால் வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டி 1.3 அளவில் வைக்கவும். ஏ5 பக்கத்தில் 10 அல்லது 11 பாயிண்ட் போதும். என் நூலின் முதல் வாசகர் கண்புரை அறுவை சிகிச்சை செய்து கொண்டவர் என்பதால் நான் 13 வைத்தேன். யார் படிக்கப் போகிறார்களோ அவர்கள் கண்ணுக்கேற்ப முடிவு செய்யுங்கள்.

எழுத்துருவில் இல்லாததைக் கையால் வரையத் தயங்காதீர்கள். யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய ஐகாரக் குறியை இன்றைய வழக்கமான யூனிகோட் எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் வராது. 5-ஆம் பக்கத்திற்காகத் தாத்தாவையே ஒரு தாளில் எழுதச் சொல்லி, ஸ்கேன் செய்து கட்டத்தில் வைத்தேன். அந்தப் பக்கத்தில் மட்டும் எழுத்து அவருடையது.

புத்தகமாக்குதல்

இங்க்ஸ்கேப்பில் சேவ் அஸ் சென்று பி.டி.எப். தேர்வு செய்யவும். கிடைக்கும் விண்டோவில் எழுத்துகளைப் பாத் ஆக மாற்றும் ஆப்ஷனை டிக் செய்திடவும். அச்சகத்தின் கம்ப்யூட்டரில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழ் கட்டம் கட்டமாக உடையாது. பதினாறு பி.டி.எப். பைல்களையும் ஒன்றாகச் சேர்க்க பி.டி.எப். சாம் பேசிக் என்ற இலவச சாப்ட்வேர் உள்ளது.

அச்சகத்திற்குச் செல்லும் முன் வீட்டில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். அடோப் ரீடரில் பிரிண்ட் கட்டளை கொடுத்தால் வரும் விண்டோவில் புக்லெட் என்ற பட்டன் இருக்கும். அதைத் தேர்வு செய்து ஏ4 தாளில் அச்சிட்டால் பக்க வரிசையை அதுவே மாற்றி அமைத்துக் கொள்ளும். மடித்து, பின் அடித்து, கையில் பிடித்துப் படியுங்கள். திரையில் பெரிதாகத் தெரிந்த எழுத்து தாளில் எப்படி இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

மொபைலில் படிப்பவர்களுக்காக, எழுத்துடன் கூடிய 16 படங்களையும் ஒரு ஜிப் பைலாக்கி, அதன் துணைப் பெயரை சி.பி.இசட். என மாற்றி விடுங்கள். காமிக்ஸ் படிக்கும் ஆப்கள் இதை அப்படியே புத்தகமாகத் திறக்கும். மூலப் பைல்கள் அனைத்தையும் ஒரு பென் டிரைவிலும் காப்பி எடுத்து வைக்கவும். ஐந்து மாத உழைப்பு ஒரே ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் இருக்கக் கூடாது.

இந்த வாரமே தொடங்க வேண்டுமா? டேப்ளட் விலையை விசாரிப்பதையும், எந்த பிரஷ் சிறந்தது என்று வீடியோ பார்ப்பதையும் தள்ளி வையுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ, இதுவரை யாரும் கேட்காத கதை வைத்திருப்பவர் ஒருவரைத் தேர்வு செய்யுங்கள். இரண்டு ஏ4 தாளும் ஒரு பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் 16 குட்டிப் பக்கங்களை வரைந்து அவரிடம் காட்டுங்கள். கிரிட்டாவைப் பிறகு டவுன்லோட் செய்து கொள்ளலாம். அது எப்போதும் கிடைக்கும்.